கிரேடு 2 லிஸ்டட் வீட்டுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன்: பழசு மாதிரியே கட்டணுமா, மாடர்னா கட்டலாமா?

உங்க கேள்வியை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். இங்கிலாந்துல 1700கள்ல கட்டின ஒரு செங்கல் காட்டேஜ் வாங்கியிருக்கீங்க, கிரேடு 2 லிஸ்டட், அதாவது பாதுகாக்க வேண்டிய கட்டடம்னு அரசுப் பட்டியல்ல இருக்கிற வீடு. பின்பக்கம் இருக்கிற கிச்சன் ரொம்பச் சின்னது. ஊர்லேர்ந்து அம்மா வந்து கூடவே தங்கப் போறாங்க, முட்டிவலி, மாடி ஏற முடியாது, அதனால கீழேயே ஒரு ரூமும் நாலு பேர் உக்காந்து சாப்பிடற மாதிரி ஒரு கிச்சனும் வேணும். பில்டர் "அச்சு அசலா பழைய வீடு மாதிரியே கட்டிடலாம், அப்பதான் பர்மிஷன் கிடைக்கும்"ங்கறார். உங்க வீட்டுக்காரர் முழுக்க கண்ணாடியில வேணும்ங்கறார். ரெண்டுல எது சரி, பின்சுவரை எடுத்துட்டு ஓப்பன் பிளான் ஆக்கலாமா, ஜன்னலையெல்லாம் டபுள் கிளேசிங்கா, அதாவது ரெண்டடுக்குக் கண்ணாடியா மாத்தலாமா, இதானே கேட்டீங்க.

இருபது வருஷமா இந்த ஊர்ல பழைய வீடுங்களோடதான் என் பொழப்பு. அதை வச்சு சொல்றேன், பில்டர் சொல்ற டிசைனுக்கும் பர்மிஷன் கிடைக்கலாம், உங்க வீட்டுக்காரர் சொல்றதுக்கும் கிடைக்கலாம், ரெண்டுமே திரும்பியும் வரலாம். ஏன்னா ஸ்டைலுங்கறது மூணாவதா கேக்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, இந்த வீட்டுல எது போச்சுன்னா திரும்ப வராது. ரெண்டாவது, புதுசு பழசை எந்த இடத்துல, எப்படித் தொடப்போகுது. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சுட்டா ஸ்டைல் பாதி தானா முடிவாயிடும்.

சட்டத்தை சீக்கிரமா சொல்லிடறேன். 1990ம் வருஷத்து லிஸ்டட் பில்டிங் சட்டம்தான் இங்கிலாந்துல அடிப்படை. இங்க இருக்கிற லிஸ்டட் கட்டடங்கள்ல சுமார் 92 சதவீதம் கிரேடு 2தான், கிரேடு 2 ஸ்டார் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, கிரேடு 1 வெறும் இரண்டரை சதவீதம். "கிரேடு 2ன்னா வெளிமுகப்பு மட்டும்தான் கணக்கு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எந்த கிரேடா இருந்தாலும் உள்ளே, வெளியே, மாடிப்படி, கதவு, அடுப்பு மாடம், பூச்சு எல்லாமே சேர்ந்ததுதான். 1948 ஜூலை 1க்கு முன்னாடியிருந்தே வீட்டு வளாகத்துக்குள்ள நிக்கிற காம்பவுண்டு சுவர், கொட்டகைகூட பெரும்பாலும் அதோட சேர்த்திதான். வீட்டோட தன்மையைப் பாதிக்கிற எந்த மாற்றத்துக்கும் லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வாங்கணும், இது பிளானிங் பர்மிஷன்லேர்ந்து தனி. இதுக்கு ஃபீஸ் கிடையாது, ஆனா வாங்காம செஞ்சா அது கிரிமினல் குற்றம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதத்துக்கு உச்சவரம்பே இல்ல. அதைவிட உங்களுக்கு முக்கியமான விஷயம், இதுல கவுன்சில் நோட்டீஸ் அனுப்ப காலக்கெடு கிடையாது, முந்தின ஓனர் கன்சென்ட் இல்லாம செஞ்ச வேலையைச் சரிபண்ணச் சொல்லி இன்னிக்கு ஓனரா இருக்கிற உங்களுக்கு நோட்டீஸ் வரலாம். அதனால இப்ப இருக்கிற அந்தச் சின்ன கிச்சன் எப்பக் கட்டினது, கன்சென்ட் இருக்கா, கவுன்சில் வெப்சைட்ல போய் முதல்ல பாருங்க. (வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு சட்டமே வேற, ஸ்காட்லாந்துல கிரேடு கிடையாது, ஏ, பி, சின்னு வகை பிரிப்பாங்க. நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும்.)

அந்தக் கிச்சன்தான் உங்க துருப்புச் சீட்டா இருக்கலாம், அதனால கொஞ்சம் நிதானமா பாருங்க. செங்கல் வரிசையில எல்லாமே நீளவாட்டா மட்டும் தெரிஞ்சா, நடுவுல குட்டைப் பக்கம் வெளியே தெரியற தலைப்பு செங்கல் எதுவுமே இல்லன்னா, அது நடுவுல இடைவெளி விட்டுக் கட்டின கேவிட்டி சுவர், அநேகமா போன நூற்றாண்டு வேலை. ஃபிளாட் ரூஃப், ஃபெல்ட் போட்டது, அலுமினிய ஜன்னல்னா 60கள், 70கள்னு யூகிக்கலாம். அப்படி ஒரு சுமாரான சேர்க்கையை எடுத்துட்டு அந்த இடத்துல நல்லா யோசிச்ச ஒண்ணை வைக்கிறீங்கன்னா கவுன்சில்ல பழங்கட்டடங்களைக் கவனிக்கிற கன்சர்வேஷன் ஆபீசர் அதை வீட்டுக்கு நடக்கிற நல்லதாத்தான் பாப்பார், பின்சுவர்ல ஏற்கனவே உடைச்ச ஓட்டையையே நீங்க வழியா பயன்படுத்திக்கலாம், புதுசா எதையும் உடைக்க வேண்டியதில்ல. இடிக்கிறதுக்கும் கன்சென்ட் வேணும்ங்கறதை மட்டும் மறந்துடாதீங்க.

அடுத்து பழைய மேப். இதை நிறையப் பேர் செய்யறதே இல்ல, எனக்கு அது ஆதங்கம். 1836ல டைத் சட்டம் (சர்ச்சுக்குக் குடுக்கிற பத்துல ஒரு பங்கு வரி பத்தினது) வந்தப்புறம் ஊர் ஊரா மேப் போட்டாங்க, அப்புறம் அரசாங்க மேப் அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயோட 25 இன்ச் மேப் (ஒரு மைலுக்கு 25 இன்ச்), ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட வெப்சைட்ல இங்கிலாந்து மேப்பும் இலவசமா பாக்கலாம், இன்னிக்கு சாட்டிலைட் படத்து மேலேயே வச்சுப் பாக்கலாம். உங்க வீட்டுக்குப் பின்னாடி 1880கள்ல ஒரு சார்ப்பு இருந்து அப்புறம் காணாமப் போயிருந்தா, "இந்த இடத்துல ஏற்கனவே கட்டடம் இருந்துச்சு"ங்கறது விண்ணப்பத்தோட நீங்க குடுக்கற ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட்ல, அதாவது வீட்டோட வரலாறையும் முக்கியத்துவத்தையும் விளக்கற அறிக்கையில, ரொம்ப வலுவான வரி. சுவர்லயும் தழும்பு இருக்கும், சாய்வா ஒரு கோடு, அடைச்சு வச்ச ஒரு கதவு வழி, உத்திரம் சொருகியிருந்த பொந்து. ஒருநாள் சாயங்காலம் வெயில் சாஞ்சு விழறப்ப பின்சுவரைப் பாருங்க, மத்தியானம் தெரியாத மேடுபள்ளம் எல்லாம் அப்பத்தான் தெரியும்.

எது முக்கியம்னு பிரிக்கிறப்ப, பொதுவா உங்க மாதிரி காட்டேஜ்ல மொதல்ல வர்றது பிளான். நடுவுல ஒரு பெரிய புகைபோக்கி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ரூம், நெருப்பு மூட்டற இடத்துக்குப் பக்கத்துல இடுக்குல சுத்திப்போற மாடிப்படி. அந்த அமைப்பைப் பாத்தா அந்த வீட்டுல எப்படி வாழ்ந்தாங்கன்னே புரிஞ்சுடும். அதனால பின்சுவர் முழுசையும் எடுத்துட்டு மேல ஸ்டீல் பீம் குடுத்து முன்ரூம்லேர்ந்து தோட்டம் வரைக்கும் ஒரே ஹாலா ஆக்கறதுக்கு கன்சென்ட் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம், கிடைச்சாலும் நான் செய்ய மாட்டேன். அந்தச் சுவர் போச்சுன்னா முன்ரூம் ஒரு ரூமாவே இருக்காது, பெரிய ஹாலோட ஒரு மூலையாயிடும். அதுக்குப் பதிலா, பின்சுவர்ல இருக்கிற ஒரு ஜன்னலோட அடிப்பகுதியை மட்டும் தரை வரைக்கும் இறக்கி வாசலா ஆக்குங்க. அகலம் மாறாது, மேல இருக்கிற வளைவோ மரச்சட்டமோ அப்படியே நிக்கும், போறது ஜன்னலுக்குக் கீழ இருக்கிற செங்கல்தான், அதையும் கலையாம எடுத்து அடுக்கி வச்சுட்டா பின்னாடி வர்றவங்க திரும்ப அடைச்சுக்கலாம். கொஞ்சம் அகலமா வேணும்னா ரெண்டு பக்கமும் அரை மீட்டராவது சுவரை விடுங்க, மேலயும் ஒரு அடி விடுங்க, அப்பதான் இது சுவர்ல திறந்த வழின்னு கண்ணுக்குத் தெரியும்.

இப்ப ஸ்டைலுக்கு வரேன். உங்க பில்டர் சொல்ற "அச்சு அசல்" கேக்க பாதுகாப்பா இருக்கு, கட்டிப் பாத்தாதான் சிக்கல் தெரியும். உங்க பழைய சுவர் கெட்டிச் சுவர், ஒரு செங்கல் நீளத்துக்குக் கனம், அதனால வெளியே ஒரு நீளம் ஒரு தலைப்புன்னு மாறிமாறித் தெரியும், ஃபிளெமிஷ் பாண்டுன்னு சொல்வாங்க, அந்தத் தலைப்பு செங்கல்தான் சுவரோட உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சிருக்கு. புதுச் சுவர் கேவிட்டி, வெளித்தோல் 100 மில்லிமீட்டர்தான், அதுல அதே டிசைன் வரணும்னா செங்கலைப் பாதியா உடைச்சு தலைப்பு மாதிரி ஒட்டணும். செங்கல் உயரமும் ஒத்துப்போகாது, இன்னிக்கு ஸ்டாண்டர்டு 65 மில்லிமீட்டர், உங்களோடது கையால அறுத்தது, ஒவ்வொண்ணும் ஒரு உயரம், நாலு வரிசை ஏறினதும் கோடு விலக ஆரம்பிச்சுடும். கூரை அதைவிட மோசம். பழைய கூரையோட ஓரம் ஒல்லியா இருக்கும், புதுசுல இன்சுலேஷன் வச்சு வச்சு ஓரம் ஒரு அடிக்கு மேல தடிச்சுடும், அதை மறைக்கப் பெரிய வெள்ளைப் பலகை அடிப்பாங்க. கடைசியில வீடு பெருசாயிடும், எது எப்பக் கட்டினதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும், அதே சமயம் ஏதோ சரியில்லன்னு எல்லாருக்கும் தோணிக்கிட்டே இருக்கும். நிஜமாவே நல்லா பழைய முறையில கட்டணும்னா கைச்செங்கல், சுண்ணாம்புக் கலவை, ஃபிளெமிஷ் பாண்டு தெரிஞ்ச கொத்தனார்னு போகணும், அது கௌரவமான வழி, சில வீடுகளுக்கு அதுதான் சரியும்கூட, குறிப்பா வரிசை வீடுகள்ல தெருப்பக்கம் கட்டறப்ப. ஆனா அது மலிவான வழி இல்ல, உங்க பில்டர் அந்த அர்த்தத்துல சொல்லலன்னு நினைக்கிறேன்.

கண்ணாடிப் பெட்டிக்கும் பிரச்சனை உண்டு. பில்டிங் ரெகுலேஷன்ல எக்ஸ்டென்ஷனோட தரைப்பரப்புல 25 சதவீதம், அதோட புதுக்கட்டடம் மூடிப்போட்ட பழைய ஜன்னல் கதவுகளோட பரப்பு, இவ்வளவுதான் கண்ணாடிக்கு சாதாரணமா அனுமதி, அதுக்கு மேல போனா வேற இடத்துல சூட்டு இழப்பை ஈடுகட்டற கணக்கு காட்டணும். லிஸ்டட் வீட்டுக்குக் கிடைக்கிற சலுகை பழைய பகுதிக்குத்தான், புதுசா கட்டறதுக்கும் கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. தெற்குப் பாத்த கண்ணாடி ரூம் ஜூலையில அம்மாவால உக்கார முடியாத அளவுக்குக் கொதிக்கும், ஜனவரியில நடுங்கும். ராத்திரியில உள்ள லைட் போட்டா பழைய பின்சுவர் இருட்டுல மறைஞ்சு கண்ணாடிப் பெட்டி மட்டும் விளக்குக்கூடு மாதிரி எரியும், பக்கத்து வீட்டுக்காரங்க ஆட்சேபணையும் அங்கதான் ஆரம்பிக்கும்.

புதுசு புதுசாத் தெரியணும்ங்கறது இன்னிக்கு நேத்து வந்த யோசனை இல்ல. 1877ல வில்லியம் மோரிஸும் அவர் சகாக்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பிச்சாங்க, இங்க எல்லாரும் ஸ்பாப்னு சொல்ற சங்கம், பழங்காலம் மாதிரி வேஷம் போட்டுப் புதுப்பிக்கிறதை எதிர்த்துத்தான் அதை ஆரம்பிச்சதே. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனமும் தவிர்க்க முடியாம சேர்க்கிற புது வேலை பழசுலேர்ந்து வேறுபட்டு, தான் கட்டப்படற காலத்தோட முத்திரையோட இருக்கணும்னு சொல்லுது. அதுக்காக பளபளன்னு கத்தணும்னு அர்த்தம் இல்ல. நேர்ல பாக்கணும்னா லண்டன்ல எல்தம் பேலஸ் போயிட்டு வாங்க, 1470கள்ல நாலாம் எட்வர்டு கட்டின மரக்கூரை மண்டபத்தோட ஒட்டி 1930கள்ல கோர்ட்டால்டு தம்பதிக்காக சீலி, பேஜட்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட் அந்தக் காலத்து மாடர்ன் வீடு ஒண்ணு கட்டினாங்க, இன்னிக்கு ஜனங்க ரெண்டையும் பாக்கத்தான் டிக்கெட் வாங்கறாங்க. வாரிக்‌ஷயர்ல ஆஸ்ட்லி காசில் இன்னொண்ணு. 1978ல தீப்பிடிச்சு இடிபாடாக் கிடந்தது, விதர்ஃபோர்டு வாட்சன் மான் ஆர்க்கிடெக்ட்ஸ் அந்த இடிஞ்ச சுவர்களுக்குள்ளேயே புதுச் செங்கல்ல ஒரு வீட்டைச் சொருகினாங்க, 2013ல ஸ்டர்லிங்ங்கற பெரிய ஆர்க்கிடெக்சர் பரிசு கிடைச்சது. அங்க புதுச் செங்கல் பழைய கல்லைத் தொடற இடத்தைப் பாருங்க, பழசு எப்படி உடைஞ்சு நின்னுச்சோ அந்த உடைசலை நேராக்காம அதுக்கேத்த மாதிரி புதுச் செங்கல் வளைஞ்சு படிஞ்சு போகும். நான் ஃபோட்டோவுல பாத்ததுக்கும் நேர்ல கையை வச்சுப் பாத்ததுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

அங்கேர்ந்துதான் என் முக்கியமான பேச்சே ஆரம்பிக்குது. எக்ஸ்டென்ஷன்ல டிசைன்னு ஒண்ணு இருந்தா அது அந்த மூட்டுலதான், அதாவது பழசும் புதுசும் சேர்ற ஒரு மீட்டர் அகலத்துல. மத்த இடமெல்லாம் நல்லா கட்டின ஒரு ரூம், அவ்வளவுதான்.

மூட்டுல மூணு விஷயம் நடக்குது. ஒண்ணு, ரெண்டு கட்டடமும் வேற வேற மாதிரி அசையும். உங்க காட்டேஜுக்கு அஸ்திவாரம்னு தனியா இருக்குமாங்கறதே சந்தேகம், ஒரு அடி ஆழத்துல ரெண்டு மூணு வரிசை செங்கல் அகலமா வச்சு அதுமேல சுவர் எழுப்பியிருப்பாங்க. புதுசு களிமண்ணுல ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட்ல உக்காரும், பக்கத்துல மரம் இருந்தா இன்னும் ஆழம். பழசு கோடையில இறங்கும், மழையில ஏறும், புதுசு அசையாது. ரெண்டையும் இறுக்கிக் கட்டினா எங்கயாவது கிழியும், கிழியறது எப்பவும் பழசுதான். அதோட பழைய சுவரை ஒட்டி ஒரு மீட்டர் பள்ளம் தோண்டினா அந்தச் சுவருக்கு அடியில மண்ணே சரிஞ்சுடும். அதனால புது அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, தரையை மட்டும் நீட்டிக் கொண்டுவந்து, சுவருக்கும் புதுசுக்கும் நடுவுல ஒரு அசையற இடைவெளி விடணும். பழைய கட்டடத்துல அனுபவம் உள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட இதைக் கேளுங்க, சாதாரண இன்ஜினியர் பழைய சுவருக்கு அடியில கான்கிரீட் ஊத்திடலாம்னுதான் முதல்ல சொல்வார்.

ரெண்டு, தண்ணி. புதுக்கூரை பழைய சுவர்ல சாயற இடத்துல ஈயத்தகடு போடணும், அந்தத் தகடை செருகறதுக்கான காடியைக் கலவைக் கோட்டுலதான் வெட்டணும், செங்கல்ல வெட்டக் கூடாது. கலவையை எப்ப வேணா திரும்ப நிரப்பலாம், செங்கல்ல வெட்டின காடி நூறு வருஷம் ஆனாலும் தெரியும். கலவைக் கோடு படிப்படியா ஏறும், கூரை சாய்வாப் போகும், அதனால தகடையும் படிக்கட்டு மாதிரி வெட்டி வைப்பாங்க, புதுசைத்தான் பழசுக்கு ஏத்த மாதிரி வெட்டறோம்ங்கறது இதுதான். மாடி ஜன்னலோட அடிக்கு கீழேயே புதுக்கூரை முடிஞ்சுடணும், அதை இப்பவே அளந்து பாருங்க, பழைய காட்டேஜ்ல மேல் ஜன்னல் ரொம்ப தாழ்வா இருக்கும், எக்ஸ்டென்ஷனோட உயரத்தை முடிவு பண்றதே அநேகமா அதுதான்.

மூணு, கண்ணு. இதுக்குத்தான் நாங்க லிங்க்னு சொல்ற ஒரு குறுகல் பகுதி வைப்போம், பழைய வீட்டுக்கும் புது ரூமுக்கும் நடுவுல ஒரு மீட்டர் ஒண்ணேகால் மீட்டர் அகலம், தாழ்வான கூரை, ரெண்டு பக்கமும் கண்ணாடி. உங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்ட கண்ணாடிக்கு இதான் சரியான இடம். இதுல நடந்து வர்றப்ப பழைய வீட்டோட மூலை வெளியேர்ந்து எப்படி தெரியுமோ அப்படியே முழுசா தெரியும், செங்கல் திரும்பற விளிம்பு, கூரை ஓரம் எல்லாம். பழைய சுவர் இப்ப உங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு, ஆனா வெளிச்சுவராவே நிக்குது. அதைப் பூசாதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க, டைல்ஸ் ஒட்டாதீங்க. லிங்குக்கு அந்தப்பக்கம் புது ரூமை மரத்தாலயோ, அந்த வட்டாரத்துச் செங்கல்லயோ, கருப்புப் பலகை அடிச்சோ எளிமையா கட்டுங்க. கிராமத்து வீட்டுக்குப் பின்னாடி கொட்டகைங்கறது இங்க எல்லாருக்கும் பழகின காட்சி, அந்த உருவத்துல இருந்தா ஜன்னல் எவ்வளவு மாடர்னா இருந்தாலும் கண்ணை உறுத்தாது. உயரத்துலயும் அகலத்துலயும் பழைய வீட்டைவிடக் கம்மியா இருக்கணும், பக்கவாட்டுல தெருவுலேர்ந்து எட்டிப் பாக்கக் கூடாது.

இப்ப சுவர் மூச்சு விடற விஷயம். இதைச் சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. பழைய சுவர் மழையைக் குடிக்கும், காத்து அடிச்சதும் வெளியே விட்டுடும், அந்த ஈரம் வெளியேறற பாதை சுண்ணாம்புக் கலவைதான். நம்ம ஊர்ல காரை வீட்டுல இருந்தவங்களுக்கு இது தெரியும். போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் பேட்டன்ட் வாங்கினதே 1824லதான், உங்க வீடு அதுக்கு முன்னாடி. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு வீட்டுல நான் வரைஞ்சதுல பழைய சுவர் பாயிண்டிங் (செங்கல் இடுக்குல கலவை நிரப்பற வேலை) முழுக்க சுண்ணாம்புன்னு எழுதியிருந்தேன், குளிர்காலம் வந்துடுச்சு, அஞ்சு டிகிரிக்கு கீழ சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது, அவசரத்துல பில்டர் லிங்குக்குப் பக்கத்து சுவரை மட்டும் சிமென்ட்ல முடிச்சுட்டார். நானும் அந்த வாரம் சைட்டுக்குப் போகல. ரெண்டு குளிர்காலம் கழிச்சு ஓனர் கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா செங்கல் முகமெல்லாம் உப்பு பூத்து, பொரிஞ்சு, பெருவிரலால தேச்சா பிஸ்கட் தூள் மாதிரி உதிருது, ஆனா சிமென்ட் கோடு மட்டும் எலும்புக்கூடு மாதிரி முன்னாடி துருத்திக்கிட்டு அப்படியே கெட்டியா நிக்குது. ஈரம் சிமென்ட் வழியா போக முடியாம மிருதுவான செங்கல் வழியா போயிருக்கு, உப்பும் உறைபனியும் சேர்ந்து முகத்தைத் தள்ளிடுச்சு. 250 வருஷம் நின்ன செங்கல். சிமென்ட்டைச் சுரண்டறப்ப விளிம்பும் சேர்ந்து வந்துச்சு, அதை யாராலயும் திரும்ப வைக்க முடியல. அதுக்கப்புறம் பாயிண்டிங் நடக்கிற வாரம் நான் சைட்டை விட்டு நகர்றதில்ல, நீங்களும் கலவை வாளியை ஒருதரம் எட்டிப் பாருங்க, சாம்பல் கலரா இருந்தா நிறுத்தச் சொல்லுங்க.

தரைக்கும் இதே கணக்குதான். பழைய ரூம்ல செங்கல் தரையையோ கல் தரையையோ எடுத்துட்டு பிளாஸ்டிக் ஷீட் போட்டு கான்கிரீட் ஊத்தினா அடியில இருக்கிற ஈரம் ஓரத்துக்கு ஓடி சுவர்ல ஏறும். அப்புறம் யாரோ வந்து ஈரத்தைத் தடுக்க சுவர்ல துளைபோட்டு ரசாயன ஊசி போடணும்பாங்க, பிளாஸ்டிக் பூச்சு பூசணும்பாங்க, அதுல நோய் இன்னும் உள்ள போகும். பழைய தரையை விட்டுடுங்க, முடியலன்னா ஃபோம் கிளாஸ் ஜல்லி (நுரை மாதிரி ஆக்கின கண்ணாடித் துண்டு) மேல சுண்ணாம்புக் கான்கிரீட் போடலாம். வெளியே மண் மட்டம் உள் தரையைவிட ஏறியிருந்தா முதல்ல அதை வெட்டி இறக்குங்க, பாதி ஈரப் பிரச்சனை அதுலயே போயிடும். பெரிய கிச்சன் வந்தா ஆவியும் பெருசு, நம்ம சமையலுக்கு வெளியே தள்ளற நல்ல எக்ஸாஸ்ட் வேணும், அதோட குழாயைப் புதுச் சுவர் வழியா விடுங்க.

ஜன்னல் கேட்டீங்க. யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் வேண்டாம், கன்சென்ட் கிடைக்காதுன்னே வச்சுக்கோங்க. பழைய கண்ணாடி இருக்கான்னு பாருங்க, சாஞ்சு நின்னு பாத்தா வெளியே தெரியற மரம் லேசா நெளியும், அது கையால ஊதிச் செஞ்ச கண்ணாடி, அதை எடுக்கவே எடுக்காதீங்க. உள்பக்கம் செகண்டரி கிளேசிங், அதாவது தனியா இன்னொரு கண்ணாடிச் சட்டம் போடுங்க, குளிரும் சத்தமும் நல்லாவே குறையும், பழைய ஜன்னல் தொடாம நிக்கும். பிற்காலத்துல மாத்தின சாதாரண கண்ணாடியா இருந்தா, ஒல்லியான டபுள் கிளேசிங்கோ, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல காத்தை எடுத்துட்ட வேக்குவம் கிளேசிங்கோ போட இப்ப முன்னைவிட வழி இருக்கு, 2024ல ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்கற அரசுப் பாரம்பரிய ஆலோசனை அமைப்பு எனர்ஜி விஷயமா வெளியிட்ட வழிகாட்டியை ஆபீசர்கிட்ட எடுத்துக் காட்டிக் கேளுங்க.

அம்மா ரூமுக்கு வரேன், உண்மையில உங்க பிளானை இங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும். இந்த மாதிரி வீட்டுல ரூமுக்கு ரூம் ஒரு படி இருக்கும். பழைய தரைக்கும் புதுத் தரைக்கும் 150 மில்லிமீட்டர் வித்தியாசம்னு வைங்க, 1க்கு 12 சரிவுன்னா 1.8 மீட்டர் நீளம் வேணும், 1க்கு 20ன்னா 3 மீட்டர், ரெண்டாவதுதான் முட்டிவலிக்கு நல்லது. லிங்கை மூணு மீட்டர் நீளமா, தோட்டம் தெரியற ஒரு நடைவழியா வச்சுட்டீங்கன்னா சரிவும் அதுலயே அடங்கிடும், அம்மாவுக்கும் ராம்ப்ல ஏறற மாதிரியே தோணாது, கைப்பிடியைக் கண்ணாடிச் சட்டத்தோடயே சேத்துடலாம். அம்மா ரூமும் பாத்ரூமும் புதுப் பகுதியிலேயே வரட்டும், புதுக் குழாய், டிரெய்னேஜ் எதுவும் பழைய சுவரைத் துளைக்க வேண்டியிருக்காது. தோட்டத்துக் கதவுகிட்ட படி இல்லாம வெளி மட்டமும் உள் மட்டமும் ஒண்ணா வேணும்னா புதுப் பகுதியில வாசல்ல ஒரு நீர்க்காடி போட்டு செய்யலாம், பழைய சுவரோரம் மட்டும் மட்டத்தை ஏத்தாதீங்க.

பணம், நேரம். லிஸ்டட் வீட்டுல கன்சென்ட் வாங்கின மாற்றங்களுக்கு முன்னாடி விஏடி (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது, 2012 அக்டோபர் 1லேர்ந்து அது போச்சு, இப்ப 20 சதவீதம் உண்டு, பட்ஜெட்ல மறக்காம சேருங்க. வீடு ரெண்டு வருஷத்துக்கு மேல காலியாக் கிடந்து நீங்க வாங்கியிருந்தா 5 சதவீத ரேட் கிடைக்க வாய்ப்பிருக்கு, கணக்கர்கிட்ட கேளுங்க. கன்சென்ட்டுக்கு 8 வாரம்னு சட்டம் சொல்லுது, நிஜத்துல அதுக்கு மேலேயும் இழுக்கும், அதுக்கு அப்புறமும் செங்கல் சாம்பிள், மூட்டோட பெரிய அளவு டிராயிங் எல்லாம் கேட்டு கண்டிஷன் வரும், அதை முடிக்காம வேலை ஆரம்பிக்கக் கூடாது. வௌவாலுக்கு இங்க சட்டப் பாதுகாப்பு உண்டு, கூரையில அது இருக்கலாம்னு சந்தேகம் வந்தா அதுக்கான சர்வே மே மாசத்துலேர்ந்து செப்டம்பருக்குள்ளதான் பண்ண முடியும், அதைத் தவறவிட்டா ஒரு வருஷமே தள்ளிப்போகும், அதனால ஆர்க்கிடெக்ட் பிடிச்சதும் அவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது இதான். ஆர்க்கிடெக்ட் கன்சர்வேஷன் அங்கீகாரம் உள்ளவரா இருக்கட்டும்.

பில்டர்கிட்ட விலை கேக்கறதை இப்போதைக்கு நிறுத்தி வைங்க. பழைய மேப், பின்சுவர் ஃபோட்டோ, மேல் ஜன்னலோட அடி உயரம், ரெண்டு தரைக்கும் உள்ள வித்தியாசம், இந்த நாலையும் ரெண்டு பக்கத்துல வச்சு கவுன்சில்ல ப்ரீ அப்ளிகேஷன் அட்வைஸ், அதாவது விண்ணப்பம் போடறதுக்கு முந்தின ஆலோசனை கேளுங்க, பல கவுன்சில்ல அதுக்குக் காசு வாங்குவாங்க, குடுத்துடுங்க. டிசைனே இல்லாம போறோமேன்னு யோசிக்காதீங்க, லிங்க் எங்க வரணும், எந்த ஜன்னலை வாசலாக்கணும்னு ரெண்டு பென்சில் கோடு இருந்தா போதும். ஆபீசர் வீட்டுக்கு வந்தா அந்தப் பின்சுவர்கிட்ட நின்னு பேசுங்க. அம்மாவுக்கு மாடி ஏற முடியாதுங்கறதையும் சொல்லுங்க, அந்த வீட்டுல குடும்பம் தொடர்ந்து வாழணும்ங்கறதும் அவர் எடை போட்டுப் பாக்கற விஷயங்கள்ல ஒண்ணுதான்.